நின்னா கொதிக்குது, நவுந்தா ஆறுது

வாய்யா தம்பி, வா. பழைய அம்பாசடர் ஒண்ணை வாங்கிட்டு, புதுசா கார் வாங்கியிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியாமே. நல்லது. கும்பகோணம் ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போனியாம். வழியில ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சாம். சூட்டைக் காட்டற முள்ளு மேல ஏறிச்சாம். ரேடியேட்டர் மூடியிலேருந்து ஆவி பொங்கிச்சாம். நீ உடனே செல்போனை எடுத்து வீடியோ புடிச்சியாம். ஏன்யா, வண்டி கொதிக்கறப்ப இஞ்சினை நிறுத்தறதா, படம் புடிக்கறதா?

இப்ப கையில ஒரு பட்டியலோட வந்து நிக்கறே. அலுமினிய ரேடியேட்டர். ரெண்டு எலெக்ட்ரிக் ஃபேன். சீமையிலேருந்து வர்ற ரோஸ் கலர் கூலன்ட். கண்ணாடிக்கு மேல ஒட்டி வச்சா டிகிரியை எண்ணால காட்டற மீட்டரு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா வண்டி வாங்குன காசுல பாதி வந்துடும் போலருக்கு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டிக்கு முன்னாடி போயி, குத்துக்கால் போட்டு உக்காந்து, அந்தக் கிரில்லுக்குள்ள குனிஞ்சு பாத்தியா? பாக்கலை. பாத்திருந்தா பட்டியல் எழுதியிருக்க மாட்டே.

செத்த உக்காரு, சொல்றேன். மொதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. வண்டி ஓடறப்ப கொதிக்குதா, நிக்கறப்ப கொதிக்குதா? ஓடறப்ப கொதிச்சா தண்ணிக் குறை. நிக்கறப்ப மட்டும் கொதிச்சா காத்துக் குறை. இம்புட்டுதான் இதுல இருக்கற சாஸ்திரம். தஞ்சாவூர் வல்லம் ரோட்டுல அறுபதுல போறப்ப முள்ளு பாதியிலயே நிக்குது, காந்திஜி ரோட்டுல திரும்பி ஆத்துப்பாலத்துக்கிட்ட மாட்டுனதும் ஏறுதுன்னா, உன் ரேடியேட்டருக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். அதுக்குக் கூலன்ட் கலரை மாத்தி என்ன பண்ணப் போறே?

ஏன் முட்டுதுன்னு கேளு. ஓடற வண்டிக்குக் காத்து சும்மா வருது, எதுத்தாப்புல வந்து மோதுது. நின்ன வண்டிக்கு இஞ்சின்ல மாட்டியிருக்கற ஃபேன்தான் கதி. அந்த ஃபேனு பெல்ட்டுல சுத்துது. இஞ்சின் வேகமா சுத்துனா அதுவும் வேகமா சுத்தும், இஞ்சின் மெதுவா முனகிக்கிட்டு இருந்தா அதுவும் மெதுவாத்தான் சுத்தும். தண்ணி பம்ப்பும் அதே பெல்ட்டுதான். ஆக, காத்து எப்ப ரொம்ப வேணுமோ, அப்பத்தான் ஃபேனும் பம்ப்பும் தூங்கி வழியும். புது வண்டியில தெர்மோ சுவிட்சு வச்சு, சூடானா எலெக்ட்ரிக் ஃபேன் தானா ஓடும். பழசுல அது கெடையாது. செஞ்சவன் முட்டாள் இல்லெ. அவன் செஞ்ச ஊரு வேற.

உன் அம்பாசடருக்குப் பூர்வீகம் எது? இங்கிலாந்துல ஓடுன மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மூணாவது சீரிஸ். அதைத்தான் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ்காரங்க 1950-கள் கடைசியில ஆரம்பிச்சு, 2014 மே மாசம் வரைக்கும் செஞ்சாங்க. பெட்ரோல் இஞ்சினு ரொம்ப காலத்துக்கு 1489 சிசி, பி.எம்.சி. வகை. அதுவும் வெள்ளைக்கார ஊரு சரக்குதான். பேரை மட்டும் 2017-ல பியூஜோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கிச்சு. பேருக்கே அம்புட்டு விலை. நீ அதோட முன்பக்கத்தைக் கழுவறதுக்கு அம்பது ரூவா செலவழிக்க யோசிக்கறே.

கணக்கு பாரு. இஞ்சினுக்குள்ள தண்ணி 90 டிகிரியில சுத்துதுன்னு வையி. இங்கிலாந்துல வெளிக்காத்து 20 டிகிரி. வித்தியாசம் 70. நம்ம ஊரு அக்கினி நட்சத்திரத்துல காத்து 40. வித்தியாசம் 50. சூடு இறங்கறது இந்த வித்தியாசத்தைப் பொறுத்துதான். அங்க ஏழு பங்கு வேலை பாத்த ரேடியேட்டரு இங்க அஞ்சு பங்குதான் பாக்கும். இதுல நீ அடைச்சு வேற வச்சிருந்தா? அப்பவும் இந்த வண்டி நம்ம ஊருல இத்தனை வருஷம் டாக்ஸியா ஓடிச்சே, எப்படி? ஓட்டுனவனுக்குக் கை இருந்துச்சு, கண்ணு இருந்துச்சு. பட்டியல் இல்லெ.

இப்ப அடைப்புக்கு வருவோம். நீ எந்த ஊருல ஓட்டறே? நெல்லு வெளையற ஊருல. குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் வந்தா பாதி ரோட்டுல நெல்லுதான் காயும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. களம் பத்தலை, விவசாயி என்ன செய்வான்? தார் ரோட்டுல கொட்டிப் பரப்பறான். நீ அது பக்கமா ஓட்டிக்கிட்டுப் போறே. பதரு, கருக்கா, வைக்கோல் தூசி எல்லாம் பறந்து வந்து கிரில்லுக்குள்ள பூந்து ரேடியேட்டர் தகடுக்கு நடுவுல உக்காந்துக்குது. அதுக்கு மேல மழைக்காலத்து ஈசலும் பூச்சியும். ரெண்டு அறுப்பு போனா போதும், பின்பக்கம் வெளக்கு வச்சு முன்பக்கம் பாரு. வெளிச்சம் தெரியுதா? தெரியாது. வெளிச்சம் போகாத இடத்துல காத்து போகுமாங்கறேன்.

கழுவு. ஆனா எப்படிக் கழுவறே? சர்வீஸ் கடையில பிரஷர் பம்ப்பை முன்னாடி நின்னு அடிக்கறான். பதரு இன்னும் உள்ள போயி இறுகிடும், மெல்லிசுத் தகடும் மடங்கிடும். இஞ்சின் பக்கம் நின்னுக்கிட்டு, வீட்டு ஓஸ் பைப்பால, மெதுவா, உள்ளேருந்து வெளியே அடி. வந்த வழியிலயே திரும்பிப் போகும். மடங்குன தகடைச் சின்னக் கம்பியால நிமுத்து. ஒரு பைசா செலவில்லெ. அதனாலதான் யாரும் செய்யறதில்லெ.

அப்புறம் நீ மாட்டி வச்சிருக்கற சாமான். கிரில்லுக்கு முன்னாடி ரெண்டு மஞ்ச லைட்டு. நடுவுல ரெண்டு ஹார்னு. எந்த ஊரு கார் சங்கத்துப் பேட்ஜோ ஒண்ணு, அது உள்ளங்கை அகலம். கீழ நம்பர் பிளேட்டு, அதுல நம்பரை விட உன் தாத்தா பேரு பெருசு. போதாததுக்கு ஏசி வேற போட்டே. ஏசி கண்டென்சர் எங்க உக்காந்திருக்கு? ரேடியேட்டருக்கு முன்னாடி. அது கக்குற சூட்டைத்தான் ரேடியேட்டரு மொதல்ல குடிக்குது. ஏன்யா, வாசலை மறிச்சு நாலு பேரை நிறுத்திட்டு, உள்ள புழுங்குதுன்னு கத்துனா என்ன நியாயம்?

கல்யாணத்துக்கு வேற வாடகைக்கு விடறே. அன்னைக்கு பாத்தேன், கிரில்லை மூடி ஒரு முழ அகலத்துக்குக் கதம்ப மாலை. பானெட்டு மேல ரோசாப்பூவுல இருதயம். மாப்பிள்ளை உள்ள வேர்த்துக்கிட்டு இருந்தான், இஞ்சின் அதுக்கு மேல. மாலையைக் கதவுல கட்டு, டிக்கியில கட்டு, கண்ணாடியில கட்டு. வண்டி மூக்குல கட்டாதே.

மாப்பிள்ளைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நிக்கறப்ப கொதிக்கற தொந்தரவு உன் டிராபிக்கு கண்டுபுடிச்சதுன்னு நெனைக்காதே. நம்ம தஞ்சாவூர் ஜில்லாவுல ஜானவாசம்னு மாப்பிள்ளை ஊர்வலம் ஒண்ணு உண்டு. தொறந்த காருல மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் காஸ் லைட்டு. முன்னாடி நாயனம். அந்தக் காலத்துல மிராசுதாருங்க வீட்டுப் பிளஷர் காரைக் கேட்டு வாங்கிட்டு வருவாங்க. நாயனக்காரர் நடக்கற வேகம்தான் காரோட வேகம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடிக்குப் பேர் போனவர். அப்படிப்பட்டவங்க முச்சந்தியில நின்னு ராகத்தைப் பிடிச்சுட்டா யாரு நகருவா? மாப்பிள்ளையும் நகரமாட்டான், காரும் நகராது. உன் ஆத்துப்பாலத்து சிக்னலு அதுக்கு முன்னாடி எம்மாத்திரம்?

அந்த டிரைவருங்க என்ன பண்ணினாங்க? சீமைக்குக் கூலன்ட் கேட்டு ஆளு அனுப்புனாங்களா? ஆலாபனை ஆரம்பிச்சதும் இஞ்சினை நிறுத்திடுவாங்க. நகரணும்னா ஊர்ப் பையனுங்க நாலு பேரு பின்னாடி தள்ளுவாங்க. பானெட்டோட பக்கத்து மூடியைக் கழட்டி வச்சுடுவாங்க, சூடு வெளியேற. வாளியில தண்ணி தயாரா இருக்கும். மாப்பிள்ளைக்கு முன்னாடி இஞ்சினைத்தான் பாப்பாங்க. உனக்குத் தெரியுமா, ஹென்றி ஃபோர்டு 1908-ல விட்ட மாடல் டி காருல, மொதல்ல வந்த கொஞ்ச வண்டியைத் தவுத்து, தண்ணி பம்ப்பே கெடையாது. சூடான தண்ணி தானா மேல ஏறும், ரேடியேட்டர்ல ஆறி தானா கீழ இறங்கும். அதை வச்சே ஒன்றரைக் கோடி வண்டி வித்தான் மனுஷன்.

சரி, எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டாங்கறியான்னு மொறைக்காதே. நல்ல சாமான்தான். ஆனா உன் வண்டியில கரண்டு எதுல வருது? ஆல்டர்னேட்டர் இருந்தா தாராளமா போடு. பழைய டைனமோவா இருந்தா யோசி. டைனமோ, இஞ்சின் மெதுவா ஓடறப்ப பேட்டரிக்கு ஒண்ணும் குடுக்காது. ஃபேனோ கரண்டை நெறைய உறிஞ்சும். டிராபிக்குல ஃபேன் ஓடும், லைட்டு எரியும், உன் ஏர் ஹார்னு அலறும். இஞ்சின் கொதிக்காது, நெசந்தான். நிறுத்திட்டு மறுபடி சாவியைத் திருப்புனா ஸ்டார்ட்டும் ஆகாது. அதுக்கு முன்னாடி இருக்கற ஃபேனைப் பாரு. பெல்ட்டைக் கட்டைவெரலால அமுக்கு. அரை அங்குலம் உள்ள போனா சரி. அதுக்கு மேல தொளதொளன்னா வழுக்குது. இறுக்கு. எவனோ ஒருத்தன் ஃபேன் இறக்கையைத் திருப்பி மாட்டியிருப்பான், அதையும் பாரு. திருப்பி மாட்டுன ஃபேனும் சுத்தத்தான் செய்யும், காத்துதான் சரியா வராது.

இப்ப தண்ணி சமாசாரம். ஓடறப்பவும் கொதிக்குதுன்னா இது. மேட்டூர்ல 120 அடி ரொம்பி நின்னா என்ன, ஆறு வாய்க்கால் தூந்து கெடந்தா கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி வருமா? உன் ரேடியேட்டரும் அதுதான். மேல் டேங்க்குல தண்ணி ரொம்பித்தான் நிக்குது. நடுவுல இருக்கற மெல்லிசுக் குழாயிலதான் போகலை. அதை அடைச்சது யாரு? நீதான். இல்லெ, உனக்கு முன்னாடி வச்சிருந்தவன். எங்க கொதிச்சாலும் பக்கத்து போர்வெல் தண்ணியைப் புடிச்சு ஊத்தறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடித் தண்ணி உப்பு. உப்பு சுடுதண்ணியில கலந்தா குழாய்க்குள்ள வெள்ளையா படியும். ஒரு நகத்தடிமன் படிஞ்சா போதும், சூடு வெளியே வராது. வாய்க்காத் தண்ணியை ஊத்துனா வண்டல் இஞ்சின் பிளாக்கோட பின்பக்கத்துல போயி உக்காந்துக்கும். பயிருக்கு வண்டல் நல்லது. இஞ்சினுக்கு இல்லெ.

தூர் வாரணும். ரேடியேட்டர் கடையில குடு. மேல் டேங்க்கைப் பிரிச்சு, ஒவ்வொரு குழாய்லயும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பான், மறுபடி ஈயம் வச்சு ஒட்டுவான். பழைய செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு இருக்கற வசதி அது. உன் அலுமினியத்துக்கு அது அம்புட்டு லேசுல நடக்காது. பிளாக்கையும் வெல்ச் பிளக்குங்கற அடைப்பு மூடியைக் கழட்டி ஓஸ் வச்சு அலசச் சொல்லு. வர்ற சேத்தைப் பாத்து நீயே மூக்கைப் பொத்திக்குவே.

அதுக்கப்புறம் என்ன ஊத்தறது? பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர், அதோட கூலன்ட்டு. நான் கூலன்ட்டை வேண்டாங்கலை. அது துரு புடிக்க விடாது, கொதிநிலையையும் கொஞ்சம் ஏத்தும். ஆனா வெறும் தண்ணியை விடச் சூட்டைச் சுமக்கறதுல அது கொஞ்சம் மட்டம். பனி உறையற ஊருக்காரனுக்குப் பாதிக்குப் பாதி அவசியம். தஞ்சாவூருல மார்கழியிலகூடத் தண்ணி உறையுமா? டப்பாவுல குறைஞ்ச அளவு எம்புட்டு போட்டிருக்கோ, அம்புட்டு போதும். கீழ சிந்துனதைத் தொடச்சுடு. இனிக்கும்னு நாய் நக்கும், பிள்ளைங்க நக்கும். வெஷம் அது.

மூடியைப் பத்தி யாரும் பேசறதில்லெ. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லெ. தண்ணி சும்மா இருந்தா 100 டிகிரியில கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கற மூடி போட்டா 111 வரைக்கும் பொறுக்கும். உன் மூடியில ரப்பரு காஞ்சு வெடிச்சிருக்கும், ஸ்பிரிங்கு செத்திருக்கும். அழுத்தம் நிக்காம நூறுலயே பொங்கிடும். நீ இஞ்சினே போச்சுன்னு அழுவே. உடனே ஓடிப்போயி புது வண்டிக்குப் போடற 15 பவுண்டு மூடியை வாங்கி மாட்டிடாதே. பழைய ரேடியேட்டரோட ஈயப் பத்து வுட்டுரும். கம்பெனி என்ன சொல்லிச்சோ, அதையே போடு.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறின்னு ஒரு மெக்கானிக்கு சொல்லியிருப்பானே? சொல்லுவான். எல்லாருக்கும் சொல்லுவான். ரேடியேட்டர் கொதிச்சப்ப அது ஏற்கெனவே தொறந்துதான் கெடக்கும். தொறந்த கதவைப் பேத்து எறிஞ்சா கூடுதலா என்ன காத்து வரும்? நல்லா இருக்கான்னு பாக்கணும்னா நூல்ல கட்டி அடுப்புத் தண்ணியில தொங்க விடு. 82-ல தொறக்கறதும் உண்டு, சூட்டு ஊருக்குன்னு 74-ல தொறக்கறதும் உண்டு. சொன்ன சூட்டுல தொறந்துச்சா, விட்டுடு. தொறக்கலையா, புதுசு போடு. இக்னிஷன் டைமிங்கையும் பாக்கச் சொல்லு. நெருப்பு தாமசமா பத்துனா சூடு வேலைக்குப் போகாம ஹெட்டுக்குள்ளயே தங்கிடும். நீ ரேடியேட்டரைத் திட்டிக்கிட்டு இருப்பே, குத்தம் டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கும்.

இன்னொரு கூத்து இருக்கு. வண்டி கேட்டுல நின்னுச்சு, நிறுத்துனே, கேட்டு தொறந்தா ஸ்டார்ட் ஆகலை. தண்ணி கொதிக்கலை. பின்னே? பெட்ரோல் கொதிச்சுருச்சு! இஞ்சினை நிறுத்துனதும் தண்ணி சுத்தறது நின்னு, சூடு மேல ஏறும். பக்கத்துல இருக்கற பெட்ரோல் பம்ப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாயிடும். ஆவியை அந்தப் பம்ப்பால தள்ள முடியாது. வேப்பர் லாக்குன்னு சொல்லுவாங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற. எத்தனால் 78 டிகிரியிலயே கொதிக்கறது. பழைய ரப்பர் ஓஸையும் பம்ப்பு டயாஃப்ரத்தையும் அரிக்கறது. அதுக்குத் தக்க ஓஸா பாத்து மாத்திடு. பழைய டாக்ஸிக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஈரத்துணியைப் பம்ப்பு மேல சுத்தி வைப்பாங்க. கொஞ்ச நேரத்துல வண்டி கெளம்பிடும். சீட்டுக்கடியில ஒரு பழைய வேட்டித் துண்டும் ஒரு பாட்டில் தண்ணியும் வச்சுக்க. உன் எண்ணு காட்டற மீட்டரை விட அது உனக்கு ஒழைக்கும். மீட்டரு சூட்டைச் சொல்லும், எறக்காது.

டிராபிக்குல மாட்டிக்கிட்டா? கியரை நியூட்ரல்ல போட்டுட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமா மிதிச்சுப் பிடி. ஃபேனும் பம்ப்பும் முழிச்சுக்கும். ஏசியை அணை. முன்னாடி லாரிப் புகைக்கு மூக்கு வச்சு ஒட்டிக்கிட்டு நிக்காதே, அவன் சைலன்சர் சூடெல்லாம் உன் கிரில்லுக்குத்தான். அப்பவும் ஏறுதுன்னா ஓரங்கட்டி நிறுத்து. மூடியைத் தொறந்துடாதே. உள்ள அழுத்தம் இருக்கு, மூஞ்சி வெந்துடும். கையால மேல் ஓஸைத் தொட்டு, தாங்கற சூடான பெறகு, ஈரச்சாக்கைப் போட்டு கொஞ்சமா திருகு. தண்ணி ஊத்தறதா இருந்தா இஞ்சினை ஓட விட்டு, மெதுவா ஊத்து. வெந்த பிளாக்குல பச்சைத்தண்ணியைக் கொட்டுனா ஹெட்டு வெடிக்கும். அப்புறம் நீ சேத்து வச்ச பட்டியலு காசெல்லாம் அதுக்கே சரியாப் போகும்.

ரேடியேட்டர் ஒழுகுனா மஞ்சத்தூள் போடுன்னு ஒருத்தன் சொல்லுவான். போடலாம். ஓட்டையை அடைச்சு உன்னை வீட்டுல கொண்டாந்து சேக்கும். ஆனா அது ஓட்டையை மட்டும் அடைக்காது, குழாயையும் சேத்து அடைக்கும். வீடு வந்ததும் அலசிடு. இன்னொண்ணும் சொல்லிடறேன். பெரிய கோயில் சித்திரைத் தேரு 2015-லேருந்து மறுபடி ராஜவீதிகள்ல ஓடுது, அன்னைக்கு வண்டியை வீட்டுல விட்டுட்டு நடந்து வா. தேரு ஓடற வேகத்துக்கு உன் அம்பாசடர் ஒத்து வராது. பழசை வச்சிருக்கறவனுக்கு எங்க போகக் கூடாதுங்கறதும் தெரியணும்.

ஆக, காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி வரிசை இதுதான். கிரில்லுக்கு முன்னாடி இருக்கறதைக் கழட்டு. பின்னாலேருந்து ரேடியேட்டரைக் கழுவு. பெல்ட்டை அமுக்கிப் பாரு. மூடியை மாத்து. டைமிங்கைப் பாரு. உள்ள அலசி நல்ல தண்ணி ஊத்து. இத்தனையும் செஞ்சும் கொதிச்சா, அப்ப வா. அந்தப் பட்டியலை நானே உனக்குக் கடைக்காரன்கிட்ட பேரம் பேசித் தர்றேன். ஆனா ஒண்ணு, இத்தனையும் செஞ்சவன் யாரும் பட்டியலோட திரும்பி வந்து நான் பாத்ததில்லெ.